உருப்படி 212: பாஸ்போர்ட், பன்னிரண்டு

நான் வேலை பார்த்த கட்டடத்துக்கு வயது நானூற்று நாற்பத்தொன்று. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதில் பெயின்ட் வாசனை போகவில்லை.

இதில் குழப்பம் ஏதும் இல்லை என்று முதல் நாளே எனக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிட்டார்கள். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். நானும் போட்டேன். மனைவி ஜெயபாரதிக்கும் பெண் தன்யாவுக்கும் ஃபேமிலி விசா கிடைக்கிறது என்றால் நான் கட்டடத்தின் வயதைப் பற்றி ஏன் வாய் திறக்கப் போகிறேன்?

2007. அரபு நாட்டில், ஜெபல் அலி துறைமுகத்திலிருந்து அரை மணி நேரம் தள்ளி ஒரு ஃப்ரீ ஸோன், வரியில்லா வணிகப் பகுதி. பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரில் அது இல்லை. அதை நடத்திய கம்பெனியிடம் கட்டடங்களில் உயரமானது இருந்தது, அகலமானது இருந்தது, தண்ணீருக்கு நடுவில் நிற்பதும் இருந்தது. பழையது மட்டும் இல்லை. அதனால் ஒன்றை வாங்கிவிட்டார்கள்.

பிரான்ஸில் ஏதோ ஒரு சின்ன ஊரில் 1566-இல் வியாபாரிகளுக்கென்று ஒரு நீதிமன்றம் இருந்ததாம். வக்கீல் கிடையாது. வியாபாரிகளே நீதிபதிகள். உப்பு விற்றவனும் துணி விற்றவனும் காலையில் சண்டையோடு வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தீர்ப்பை வாங்கிக்கொண்டு போய்விடலாம். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. எங்கள் கம்பெனிக்காரர்கள் அதில் அந்தச் சீக்கிரத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு, மேலங்கி, மணி, தராசு, விதிப்புத்தகம் எல்லாவற்றையும் இறக்குமதி செய்தார்கள். பேசும் நேரத்தை அளக்க ஒரு மணல் கடிகாரமும் வந்தது. பாலைவனத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அதற்குள் போடும் மணலைக்கூட பிரான்ஸிலிருந்துதான் வரவழைத்தார்கள்.

கட்டடத்தை மட்டும் தூக்கி வர முடியவில்லை. வாசலுக்கு மேலே இருந்த ஒரு கல் தலையை மட்டும் பெயர்த்து வாங்கினார்கள். தலை எங்கே போகிறதோ வரலாறும் அங்கே போகும் என்று ஒப்பந்தத்திலேயே போட்டுக்கொண்டார்கள். மற்றதெல்லாம் இங்கே சிமென்ட்டில் எழும்பியது. ஆனால் பதிவேட்டின்படி இங்கே எதுவும் எழும்பவில்லை. கட்டடம் இடம் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதுதான் ‘மாண்புமிகு வணிகர் தீர்ப்பு மன்றம், நிறுவிய ஆண்டு 1566’. நான் அதன் எழுத்தர், மொழிபெயர்ப்பாளர், மணி அடிப்பவர். திறந்து ஏழு மாதத்தில் ஒரு வழக்குகூட வரவில்லை. தினமும் ஒன்பது மணிக்கு மணி அடித்து, ‘இன்று வழக்கு இல்லை’ என்று மூன்று மொழியில் அறிவித்துவிட்டு, நீதிபதிகளின் மேலங்கிகளை மடித்து வைப்பேன்.

அப்போதுதான் அருள்முருகன் வந்தான்.

நீலச் சட்டை, தலையில் சுற்றிய துண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அறந்தாங்கிப் பக்கத்துக் கொத்தனார். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். ஏழு மாதத்தில் அந்த மன்றத்துக்கு ஒருவர் மனதார மரியாதை செய்தது அன்றைக்குத்தான்.

“சார், தமிழா?”

“தமிழ்தான். சேதுமாதவன். என்ன வேணும்?”

“என் பாஸ்போர்ட்டு உள்ள இருக்கு சார். கிரவுண்ட் ஃப்ளோர்ல நீலக் கலர் பீரோ, மேல் தட்டு. மொத்தம் பன்னண்டு பேரோடது. எடுத்துக் குடுத்தீங்கன்னா போயிருவேன். வெளிய டாக்ஸி நிக்குது.”

டாக்ஸியைப் போகச் சொன்னேன். ஏனென்றால் விஷயம் எனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தை எழுப்பிய காண்ட்ராக்ட் கம்பெனி வேலையை முடித்துக்கொண்டு நாட்டைவிட்டே போய்விட்டது. அவர்களுடைய சைட் ஆபீஸ் பீரோ உள்ளேயே நின்றுவிட்டது. ஆட்களை வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது, பாஸ்போர்ட்டை யாரும் எடுக்கவில்லை. கட்டடத்தை ஒப்படைத்த அன்று பொருட்பட்டியலை டைப் அடித்ததே நான்தான். நாற்காலி நாற்பது, திரைச்சீலை பதினாறு, மெழுகுவர்த்தி வடிவ மின்விளக்கு எட்டு, பாஸ்போர்ட் பன்னிரண்டு. உருப்படி 212.

விதிப்புத்தகம் நான்காம் விதி: வரலாற்றுக் கட்டடத்துக்குள் இருக்கும் எந்தப் பொருளும் மன்றத்தின் உத்தரவின்றி வெளியே போகக் கூடாது.

அவனை நிர்வாக மேலாளர் விஜயபாஸ்கரிடம் கூட்டிப் போனேன். மாம்பலத்துக்காரர். தமிழரிடம் தமிழ் பேசினால் பதவி கரைந்துவிடும் என்று பயப்படும் ரகம். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான், தமிழாக்கித் தருவது நான்.

“லுக், சேது. இவன் பாஸ்போர்ட் நம்ம பில்டிங்குக்குள்ள எப்படி வந்துச்சு?”

“இவங்கதான் சார் கட்டினாங்க. கட்டும்போது கம்பெனி வாங்கி வச்சது.”

“எப்போ கட்டினாங்க?”

“போன வருஷம்.”

“பில்டிங் கட்டினது எப்போ?”

ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தாறு என்று அவரே சொல்லிக்கொண்டார்.

“ஸோ, இவன் இங்க வேலை பார்த்திருக்கவே முடியாது. பாஸ்போர்ட் எப்படி வந்துச்சுங்கறது ஒரு டிஸ்ப்யூட். டிஸ்ப்யூட்னா கேஸ்.” அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். “சேது! நமக்கு ஒரு கேஸ் வந்திருச்சு!”

அருள்முருகன் என் சட்டையை மெல்ல இழுத்தான். “என்ன சார், குடுக்கறாங்களா?”

கொடுப்பதற்கு முன்னால் அவன் ஒரு வியாபாரியாக வேண்டியிருந்தது. வணிகர் மன்றத்தில் வணிகர்தான் மனுப் போடலாம். கொத்தனாருக்கு அங்கே வாயே கிடையாது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ‘மன்றத்தின் படிக்கட்டில் சாட்சியுடன் ஒரு பொருளையேனும் விற்றவர் வணிகர்’ என்று ஒரு வரி இருந்தது. விற்க அவனிடம் என்ன இருக்கிறது? பையைத் துழாவி, பாதி தீர்ந்த தைலப் பாட்டில் ஒன்றை எடுத்தான். நாற்பத்தாறு டிகிரி வெயிலில், கறுப்பு அங்கி போட்ட இரண்டு அதிகாரிகள் சாட்சி நிற்க, அதை நான் இரண்டு திர்ஹாமுக்கு வாங்கினேன். ரசீது, முத்திரை எல்லாம் ஆயிற்று.

“இப்ப நான் யாவாரியா சார்?”

“ஆமாம்ப்பா.”

“எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரு.”

வழக்கு நாள் குறித்தார்கள். மன்றத் தலைவர் ஹார்டிங் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர். பக்கத்தில் தொன்மை நிபுணர் துப்ரே, பிரெஞ்சுக்காரர். வாசலுக்கு மேலே உள்ள தலையைப் பாதுகாப்பதற்காகவே அவருக்குச் சம்பளம். அருள்முருகன் தராசைத் தொட்டுச் சத்தியம் செய்தான். தராசைச் சுற்றியிருந்த குமிழ்க் காகிதத்தை இன்னும் பிரிக்கவில்லை. ஆதலால் சத்தியம் டப் டப் என்று வெடித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைவர் முன்னுரை நிகழ்த்தினார். “நானூறு ஆண்டுகளாக இந்த மன்றம் ஏழை எளியவருக்குத் தாமதமின்றி நீதி வழங்கிவருகிறது. எனவே முதல் அமர்வை முன்னுரைக்கு மட்டும் ஒதுக்குகிறேன்.” மணல் கீழே இறங்கி முடிந்தது. அடுத்த அமர்வு பத்து நாள் கழித்து.

பத்து நாள்! அவனுக்கு இருந்ததே இருபத்தைந்து நாள். ஆவணி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை உமாராணியின் மகள் விஜிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கூடப் பிறந்தவன் இவன் ஒருவன்தான். இவன் வராததால் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போயிற்று. பிள்ளைக்கு ஐந்து வயது முடியப் போகிறது. உமாராணி போனில் அழுததை அவன் ஸ்பீக்கரில் போட்டு எனக்குக் கேட்க வைத்தான்.

“அண்ணே, எங்க மாமியா வாய் கொஞ்சமா நஞ்சமா? ‘ஒங்கண்ணன் அரபு நாட்டுல இருக்கானா இல்லையா’ன்னு கேக்குது. இந்தத் தடவையும் வரலைன்னா வேற யாரு மடியிலயாச்சும் ஒக்கார வச்சிருவாக. எனக்கு நாதியில்லைன்னு ஊருக்கே தெரிஞ்சிரும்.”

“வர்றேன் ஆத்தா. வந்துர்றேன்.”

இரண்டாம் அமர்வில் இதை நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். தலைவர் மிகுந்த பரிவோடு கேட்டார். “உட்காருவதுதான் பிரச்சினை என்றால், மன்றத்தின் சார்பில் ஒரு நாற்காலியை அனுப்பிவைக்கலாமே?”

இதை அருள்முருகனுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. என் வேலைக்கு நான் செய்த முதல் துரோகம் அதுதான்.

அன்று மாலை விஜயபாஸ்கர் ஒரு தாளை நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். ‘நான் இந்த வரலாற்றுக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பயணி. என் பாஸ்போர்ட்டை மறந்து வைத்துவிட்டேன். இந்தக் கட்டடத்தின் எந்தப் பகுதியிலும் நான் கை வைத்ததில்லை.’

“ஸைன் பண்ணச் சொல்லு. நாளைக்கே அவன் பாஸ்போர்ட் கையில. சிம்பிள்.”

“மத்த பதினோரு பேரோடது?”

“அவங்கவங்க தனித்தனியா கேஸ் போடட்டும்.” ஒரு வருஷத்துக்கு வழக்கு கிடைத்துவிட்ட நிம்மதி அவர் குரலில் இருந்தது.

அருள்முருகன் தாளை வாங்கிப் பார்த்தான். பேனாவை வாங்கினான். பிறகு இரண்டையும் மேஜையில் வைத்தான்.

“கை வைக்கலைன்னு எப்படி சார் கையெழுத்துப் போடறது? இங்க நான் கை வைக்காத எடம் எது? அந்த வளைவு நான் பூசுனது. நீங்க ஒக்காந்திருக்கீங்கள்ல, ஒங்க முதுகுக்குப் பின்னாடி அந்தத் தூணு, அது நூஹு பாயும் நானும் ஊத்துனது. வாசல்ல இருக்கே அந்தத் தலை, அதுவே நான் செஞ்சதுதான்.”

விஜயபாஸ்கர் ரிமோட்டை எடுத்து ஏசியைக் கூட்டினார்.

“என்ன சொன்ன?” விஜயபாஸ்கருக்குத் தமிழ் திரும்பி வந்துவிட்டது.

“ஒரிஜினல் தலை போர்ட்டுலயே பொடியாப் போச்சு சார். ஃபோர்க்லிஃப்ட்காரன் பொட்டிய எறக்கும்போது போட்டுட்டான். இன்ஜினியர் வந்து ‘பாய், ஏக் ஹஃப்தா, ஒரே வாரம், ஜல்தி ஜல்தி, புதுசு பண்ணு’ன்னாரு. படம் கேட்டேன், மாஃபி, இல்லைன்னுட்டாரு. கட்டடத்து வாசலுக்குத் தலைன்னா எனக்குத் தெரிஞ்சது திருஷ்டித் தலைதான். முட்டைக் கண்ணு, முறுக்கு மீசை, நீட்டுன நாக்கு. நாக்கு மட்டும் எங்க விஜி போட்டோவப் பாத்து வச்சேன். நாவப்பழம் தின்னுட்டு நாக்க நீட்டிக்கிட்டிருந்துச்சு.”

அந்தத் தலையை ஏழு மாதமாகப் பார்க்கிறேன். அது திருவல்லிக்கேணியில் புது வீடுகளுக்கு முன்னால் தொங்கும் அதே மூஞ்சி என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? பித்தளைப் பலகையில் துப்ரே எழுதி வைத்திருந்தார்: ‘வணிக நேர்மையின் சின்னம். வெளியே நீண்ட நாக்கு, உண்மை பேசுதலைக் குறிக்கிறது.’ அதைப் படித்துவிட்டு நான் அப்படியே நம்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

“கெட் ஹிம் அவுட்” என்றார் விஜயபாஸ்கர். தலை போலி என்றால் வரலாறு போச்சு, வரலாறு போனால் மேலங்கி போச்சு. “சேது, அவனுக்குப் புரிய வை. கையெழுத்துப் போட்டா ஊருக்குப் போவான். இல்லைன்னா இங்கயே கெடப்பான்.”

வாசல்வரை கூடவே போனேன். “போட்டுட்டுப் போயேன் அருளு. ஒரு காகிதம்தானே?” என்றேன்.

அவன் என்னை முறைத்தான். “நீங்க போட்டீங்களாண்ணே?”

சார் போய் அண்ணே ஆகியிருந்தேன். முதல் நாளே போட்டுவிட்டவன் நான்.

கடைசி அமர்வு. காதுகுத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தலைவர் கேட்டார்: இந்தக் கட்டடத்தில் வேலை செய்ததற்கு மனுதாரரிடம் அத்தாட்சி உண்டா?

“இருக்கு. தலைக்குப் பின்னாடி எங்க பன்னண்டு பேரு பேரும் இருக்கு.”

துப்ரே எழுந்து நின்றார். வரலாற்றுச் சின்னத்தைத் தொடுவது குற்றம். அதன் பின்பக்கத்தைப் பார்க்கக் குழு அமைக்க வேண்டும், குழுவுக்கு விண்ணப்பம் வேண்டும், ஒன்றரை வருஷம் ஆகும். தலைவர் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

தேநீர் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது தலை மேஜைமேல் இருந்தது.

பக்கத்தில் அருள்முருகன் ஸ்பேனரோடு நின்றான். வாசலில் நேபாளி காவலாளி ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான். “ஒத்தை போல்ட்டுதாண்ணே” என்று அருள்முருகன் என்னிடம் சொன்னான். “ஃபினிஷிங்ல ரெண்டாவது போடறதா இருந்துச்சு. அதுக்குள்ள கலாஸ், வேலை முடிஞ்சுதுன்னு சொல்லி ஆள அனுப்பிட்டாங்க.”

தலையைத் திருப்பி வைத்தான். உட்புறம் குழிவாக இருந்தது. சிமென்ட் ஈரமாக இருந்தபோது ஆணியால் கீறிய எழுத்து. தலைவர் என்னைப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன்.

“அருள்முருகன், கேம்ப் 4, ரூம் 17. 12-3-2006. கூட இருந்தவர்கள் நூஹு, சேதுபதி, சிவசங்கரன்…” பன்னிரண்டு பெயர்களையும் வாசித்தேன். கடைசி வரி, “ரூமில் ஏசி ஓடவில்லை.”

முடிந்தது என்றுதான் நினைத்தேன். துப்ரேயின் கண்களில் நீர் தளும்பியது.

“கீழை எழுத்து!” என்றார். “பதினாறாம் நூற்றாண்டிலேயே தென்னிந்திய வணிகர் குழு எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது! நான்காம் பாசறை, பதினேழாம் அறை. பன்னிரண்டு, மூன்று, இரண்டாயிரத்து ஆறு என்பது மிளகு மூட்டைகளின் எண்ணிக்கை. கடைசி வரி எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிய புகார்.”

“சார், அது தேதி” என்றேன்.

“இன்றைய மனிதர் இன்றைய கண்ணால் படிக்கிறார்” என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “அந்த மரபில் வந்தவர் படிக்க வேண்டும்.” அருள்முருகனைக் கூப்பிட்டார்.

“அதேதான் சார். அருள்முருகன். என் பேரு. நான்தான் எழுதுனேன்.”

“பாருங்கள்! மூதாதையின் பெயரையே சூடியிருக்கிறார்!”

அருள்முருகன் மூன்று முறை உண்மையைச் சொன்னான். மூன்று முறையும் அவனுடைய கொள்ளுத் தாத்தாவின் கொள்ளுத் தாத்தாவுக்குப் பாராட்டு கிடைத்தது. மணல் இறங்கிக்கொண்டே இருந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“சரி, படிக்கிறேன். எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. இது ஒக்காந்து கேக்கறதில்ல.”

நான் மொழிபெயர்த்தேன். நிஜமாகவே எழுந்து நின்றார்கள்.

“ஸ்வஸ்தி ஸ்ரீ!” என்று ஆரம்பித்தான். ஊர்ச் சிவன் கோயில் சுவரைப் பழுதுபார்க்கப் போனபோது யாரோ கல்வெட்டை வாசித்துக் காட்டியதைக் கேட்டிருக்கிறான், அது அப்புறம் சொன்னது. “இந்தத் தலையைச் செய்து வைத்த கொத்தர் பன்னிருவரும் ஊர் போக வைத்திருக்கும் ஓலை அவரவர் கையிலேயே இருக்கக் கடவது. வாங்கிப் பூட்டி வைத்தவன் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான். அவன் உட்கார்ந்த நாற்காலி ஆடும். அவன் போட்ட அங்கி அவனைக் கடிக்கும். அவன் சொல்லுக்கு நாயும் வாலாட்டாது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே எழுதியிருந்தது எனக்குத் தெரியும். ஃபேமிலி விசா நினைவுக்கு வந்தது. முதல் நாள் போட்ட கையெழுத்தும் நினைவுக்கு வந்தது. நீங்க போட்டீங்களாண்ணே என்று அவன் கேட்டதும் வந்தது.

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். விஜயபாஸ்கர் வாயைத் திறந்தார். தமிழ் தெரியும் என்று காட்டிக்கொண்டால் தலைக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டி வரும். மூடிக்கொண்டார். கடைசியில் என் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தேன்: “இதை ஆவணி முதல் வாரத்துக்குள் செய்யக் கடவது.”

விதி ஒன்பது: மன்றத்தின் தொன்மையான வழக்கங்கள் மன்றத்தைக் கட்டுப்படுத்தும். இதைவிடத் தொன்மையானது எதுவும் அவர்களிடம் இல்லை. தலைவர் பதினான்கு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதினார். மூன்றாம் நாள் பன்னிரண்டு பாஸ்போர்ட்டும் சிவப்பு வெல்வெட் மெத்தைமேல் ஊர்வலமாக வந்தன. கேம்பிலிருந்து பன்னிரண்டு பேரும் வேனில் வந்திருந்தார்கள். தலைவர் பேசினார்: “தொழிலாளரின் உரிமையை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே போற்றிய மன்றம் இது. அந்த உரிமையை ஏழு மாதம் பத்திரமாகப் பூட்டிக் காத்தோம் என்பதில் பெருமை கொள்கிறோம்.”

ரசீதில் ‘கட்டடத்துக்கும் பெறுநருக்கும் உள்ள தொடர்பு’ என்ற இடத்தில் ‘பயணி’ என்று முன்பே அச்சடித்திருந்தார்கள். அருள்முருகன் அதை அழுத்தமாக அடித்துவிட்டு, ‘கொத்தனார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவனைப் பார்த்து மற்ற பதினோரு பேரும் தங்கள் ரசீதில் அதையே அடித்து எழுதினார்கள். நூஹு பாய்க்கு எழுத வராது, அவருக்கு நான் அடித்துக் கொடுத்தேன்.

“குட். இப்ப அந்தத் தலைய மேல மாட்டிட்டுப் போகச் சொல்லு” என்றார் விஜயபாஸ்கர்.

அருள்முருகன் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டான். ஸ்பேனரைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்தான்.

“எப்படி சார் மாட்டறது? ஒங்க கணக்குல இந்தக் கட்டடத்துல நான் வேலையே பாக்கலையே” என்றான். “யல்லா, வாங்க நூஹு பாய்.” படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த போல்ட்டை எந்தப் பக்கம் முடுக்குவது என்று தெரிந்தவர் மன்றத்தில் ஒருவரும் இல்லை. அதற்கும் குழு அமைத்தார்கள். நான் வேலையை விடும்வரை தலை தலைவரின் மேஜைமேலேயே இருந்தது. வழக்கில்லாத நாட்களில் அவரைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்பின் வழக்கு ஒருநாளும் வரவில்லை.

புரட்டாசியில் எனக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே ஒரே ஒரு போட்டோ. பட்டு வேட்டியில் சம்மணமிட்டு அருள்முருகன். மடியில் விஜி. ஆசாரி ஊசியோடு நெருங்குகிறார், அவள் அவரைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள். என் மேஜையிலிருந்தே எட்டி அந்தத் தலையைப் பார்த்தேன். அதே நாக்குதான். துப்ரே மட்டும் இதைப் பார்த்திருந்தால் பிள்ளைக்கு நானூற்று நாற்பத்தொரு வயது என்று சான்றிதழ் கொடுத்திருப்பார்.

பிறகு போட்டோவைத் திருப்பினேன். பின்னால் பேனாவால் பன்னிரண்டு பெயர்கள். அருள்முருகன், நூஹு, சேதுபதி, சிவசங்கரன் என்று அதே வரிசையில். கீழே ஒரு வரி.

‘எல்லாரும் ஊர் வந்து சேர்ந்துட்டோம்ணே.’